உங்கள் கம்ப்யூட்டரில் 224 என்று தொடங்கும் எண் யாருடையது?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கும் விண்டோஸின் கறுப்புத் திரையைத் திறந்து பார்க்கும் ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோ கிடைக்கும். அதில் ஏ.ஆர்.பி. என்ற மூன்று எழுத்துகளைப் புள்ளி இல்லாமல் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறிய கோடும் அதை ஒட்டி ஏ என்ற எழுத்தும் டைப் செய்து என்டர் தட்டவும். ஒரு பட்டியல் வரும். உங்கள் கம்ப்யூட்டர் வீட்டு நெட்வொர்க்கில் தெரிந்து வைத்திருக்கும் முகவரிகள் இவை.

பெரும்பாலான வீடுகளில் முதலில் 192.168 என்று தொடங்கும் எண்கள் இருக்கும். ரூட்டர், மொபைல் போன், பிரின்டர் போன்றவற்றின் எண்கள் இவை. அதற்குக் கீழே 224.0.0.22, 224.0.0.251, 239.255.255.250 போன்ற எண்களைக் காணலாம். வீட்டில் உள்ள எந்தச் சாதனத்துக்கும் இந்த எண் கிடையாது. ரூட்டரை அணைத்துவிட்டுத் தேடினாலும் இதன் சொந்தக்காரர் கிடைக்க மாட்டார்.

இந்த இடத்தில்தான் சிலர் பயந்துவிடுகிறார்கள். பயத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் கூட்டமும் இருக்கிறது. பெரிய சாப்ட்வேர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் போன் செய்து, கறுப்புத் திரையில் ஏதாவது ஒரு கட்டளையை டைப் செய்ய வைத்து, "பாருங்கள், தெரியாத முகவரிகள் உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருக்கின்றன" என்று சொல்லிப் பணம் பறிப்பது பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் நடந்து வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், யாரும் போன் செய்யாமலே, 239 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்யக் கிளம்பிவிட்டார். பெயர் தெரியாத எண் என்பதுதான் அவருக்குச் சந்தேகம் தந்தது. அப்படியானால் இந்த எண்களுக்கு ஏன் பெயர் இல்லை? அல்லது, பெயர் இருந்தும் நமக்குத் தெரியவில்லையா? சாப்ட்வேர் துறையில் இருப்பவர்களிலேயே பலர் கேட்டுப் பார்க்காத கேள்வி இது.

எண்ணிலிருந்து பெயர்

பெயரைக் கொடுத்து எண் வாங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை டைப் செய்தால், டி.என்.எஸ். என்ற அமைப்பு அதற்குரிய ஐ.பி. எண்ணைத் தேடித் தரும். பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் 1983ல் வடிவமைத்த இந்த அமைப்புதான் இன்றும் இன்டர்நெட்டின் டெலிபோன் டைரக்டரி. இதைத் திருப்பிக் கேட்கவும் வழி உண்டு. எண்ணைக் கொடுத்து, "இது யார்?" என்று கேட்பது. இதற்கு ரிவர்ஸ் லுக்அப் என்று பெயர்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாம் தபால் கவரில் முகவரி எழுதும்போது பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறோம். தளப் பெயர்களும் அப்படித்தான்; கடைசியில் வரும் காம், நெட், இன் ஆகியவைதான் பெரிய பிரிவுகள். ஆனால் லேண்ட்லைன் போன் எண்ணில் 044 என்ற ஊர்க் குறியீடு முதலில் வருகிறது, வீட்டுக்குரிய எண் கடைசியில் வருகிறது. ஐ.பி. எண் இந்த இரண்டாவது வகை. எனவே எண்ணைப் பெயராக மாற்றிக் கேட்க வேண்டுமானால், அதைத் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும். 8.8.4.4 என்ற எண்ணைப் பற்றிக் கேட்டால், கம்ப்யூட்டர் உள்ளுக்குள் 4.4.8.8.இன்-அட்ர்.ஆர்ப்பா என்ற பெயரை உருவாக்கித்தான் கேட்கிறது. டி.என்.எஸ்.கூகுள் என்று பதில் வருகிறது. கடைசியில் உள்ள ஆர்ப்பா, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான நெட்வொர்க்கை உருவாக்கிய அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் பெயரிலிருந்து வந்தது. பின்னாளில் அதே எழுத்துகளுக்கு வேறு விரிவு கொடுத்துவிட்டார்கள்.

சரி, 8.8.4.4க்கு அந்தப் பெயரை எழுதி வைத்தது யார்? இந்தக் கேள்விதான் முக்கியம். எண்கள் மேலிருந்து கீழாகப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. ஐயானா என்ற அமைப்பிடம் மொத்தமும் இருக்கிறது. அது ஒவ்வொரு கண்டத்துக்கும் உரிய பதிவு அமைப்புக்குக் கொடுக்கிறது. நமது பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கும் ஏப்நிக். அங்கிருந்து இன்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனங்களுக்குப் போகிறது. எண்களை யார் வாங்கினார்களோ, அந்த எண்களுக்குப் பெயர் எழுதும் உரிமையும் அவர்களிடமே போய்ச் சேருகிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வாசலில் பெயர்ப் பலகை மாட்டலாம் என்பது போல.

பட்டாவே இல்லாத நிலத்தில் யார் பலகை மாட்டுவது?

மல்டிகாஸ்ட் என்றால் என்ன?

224.0.0.0 முதல் 239.255.255.255 வரை உள்ள எண்கள், அதாவது 26 கோடியே 84 லட்சத்துக்கும் மேற்பட்டவை, எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கப்படுவதில்லை. இவை குழு எண்கள். ஸ்டீவ் டீரிங் என்பவர் 1989ல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1112 என்ற ஆவணம் இதற்கான விதிகளை வகுத்தது. (இன்டர்நெட்டின் விதிகள் எல்லாம் ஆர்.எஃப்.சி. என்ற வரிசை எண் கொண்ட ஆவணங்களாகத்தான் வெளியாகின்றன.)

ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 93.5 என்றால் சூரியன் எஃப்.எம். அந்த எண் உங்கள் வீட்டு ரேடியோ பெட்டியின் எண் அல்ல. பக்கத்து வீட்டுப் பெட்டியின் எண்ணும் அல்ல. யார் அந்த எண்ணில் முள்ளை வைக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் பாட்டு கேட்கும். நிலையம் ஒரே முறைதான் ஒலிபரப்புகிறது. மல்டிகாஸ்ட்டும் அப்படியே. அனுப்புபவர் ஒரு முறை அனுப்புகிறார். குழுவில் சேர்ந்தவர்கள் எல்லோரும் பெற்றுக்கொள்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம். 1992 மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த இன்டர்நெட் பொறியாளர்களின் கூட்டத்தை, இந்த முறையில் 20 இடங்களுக்கு ஒலியாக அனுப்பிக் காட்டினார்கள்.

மேலே சொன்ன ஆவணத்தில் ஒரு விதி இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். மல்டிகாஸ்ட் எண்ணை "பெறுநர்" இடத்தில் மட்டுமே எழுதலாம். "அனுப்புநர்" இடத்தில் எழுதக் கூடாது. 93.5 என்ற எண்ணிலிருந்து யாரும் உங்களுக்குப் போன் செய்ய முடியாது அல்லவா? அதே போல 239.255.255.250 என்ற எண்ணில் உட்கார்ந்துகொண்டு யாரும் உங்கள் கம்ப்யூட்டரைத் தாக்க முடியாது. அந்த எண்ணில் யாரும் உட்கார முடியாது. பட்டியலில் அது தெரிகிறது என்றால், உங்கள் கம்ப்யூட்டரே அந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறது அல்லது அந்தக் குழுவுக்கு ஏதோ அனுப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி பெயர் விஷயத்துக்கு வருவோம். சாதாரண எண்ணின் பெயர் "யாருடையது" என்று சொல்கிறது. குழு எண்ணின் பெயரால் "எதற்காக" என்றுதான் சொல்ல முடியும். 93.5ஐக் கேட்டால் நிலையத்தின் பெயர் வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்களின் பெயர் வராது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எல்லா எண்களுக்கும் ஒரே விதி எழுத முயன்றால் சரிவராது.

எம்காஸ்ட்.நெட்

சில குழு எண்களுக்கு நிரந்தரமான வேலை உண்டு. அவற்றுக்குப் பெயர் கொடுப்பது எளிது, அது செய்தும் முடிந்துவிட்டது. 1994 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ், ஜான் போஸ்டல் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1700 ஆவணத்தில், இந்த எண்கள் எம்காஸ்ட்.நெட் என்ற பெயரின் கீழும், 224.இன்-அட்ர்.ஆர்ப்பா என்ற தலைகீழ்ப் பெயரின் கீழும் டி.என்.எஸ்.ஸில் பதிவு செய்யப்பட்டிருப்பதாகக் குறிப்பு இருக்கிறது. 224.0.0.1 என்பது ஆல்-சிஸ்டம்ஸ்.எம்காஸ்ட்.நெட், அதாவது இந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும். 224.0.0.2 என்பது எல்லா ரூட்டர்களும். நேரம் சொல்லும் சேவைக்கு 224.0.1.1 கொடுக்கப்பட்டது.

நீங்களே சோதிக்கலாம். அதே கறுப்புத் திரையில் என்எஸ்லுக்அப் என்ற கட்டளையை (என், எஸ் ஆகிய இரண்டு எழுத்துகளுடன் லுக்அப் என்பதை ஒட்டி ஒரே சொல்லாக) டைப் செய்து, இடைவெளி விட்டு 224.0.0.22 என்று கொடுத்து என்டர் தட்டவும். ஐஜிஎம்பி.எம்காஸ்ட்.நெட் என்று பதில் வரும். "நான் இந்தக் குழுவில் சேர்கிறேன்" என்று உங்கள் கம்ப்யூட்டர் ரூட்டருக்குத் தெரிவிக்கும் முறைக்குத்தான் ஐ.ஜி.எம்.பி. என்று பெயர். சில இணைப்புகளில், நடுவில் உள்ள சர்வர் இப்படிப்பட்ட கேள்விகளை மேலே அனுப்பாமல் "தெரியாது" என்று சொல்லிவிடும். அதனால் பதில் வராவிட்டால் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் 239.255.255.250ஐ இப்படிக் கேட்டால் பெயர் கிடைக்காது. ஏன்?

239 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் 1998ல் வந்த ஆர்.எஃப்.சி. 2365ன்படி, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வீடும் தமக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. 192.168 போலவே. மதுரையில் ஒரு வீட்டிலும் மான்செஸ்டரில் ஓர் ஆபீசிலும் ஒரே எண், வேறு வேறு வேலைக்கு இருக்கலாம். "முதல் தெரு, 5ம் எண் வீடு யாருடையது?" என்று டெல்லிக்கு எழுதிக் கேட்டால் என்ன பதில் வரும்? எந்த ஊர் முதல் தெரு என்றுதான் கேட்பார்கள். எனவே 239க்கு உலகப் பொதுவான பெயர் இருக்கக் கூடாது என்பதுதான் சரி. பெயர் வேண்டுமானால் அந்த வீட்டின், அந்த ஆபீசின் சொந்த டி.என்.எஸ். சர்வர் உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளலாம். நடைமுறையில் 239.255.255.250 மட்டும் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் பயன்படுகிறது: எஸ்.எஸ்.டி.பி. என்ற முறையில் டி.வி., ரூட்டர், மீடியா பிளேயர் போன்றவை ஒன்றையொன்று கண்டுபிடிக்க. இதை டி.என்.எஸ். உங்களுக்குச் சொல்லாது, ஐயானாவின் பட்டியல் சொல்லும்.

நடுவில் உள்ள எண்களில்தான் உண்மையான தலைவலி. 232 என்று தொடங்குபவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அனுப்புபவரின் எண்ணும் குழுவின் எண்ணும் சேர்ந்தால்தான் பொருள். 2006ல் வந்த ஆர்.எஃப்.சி. 4607 இதை விவரிக்கிறது. ஒரே 232.1.1.1 என்ற எண்ணில் இரண்டு பேர் அனுப்பினால் அவை இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள். டி.என்.எஸ்.ஸிடம் குழு எண்ணை மட்டும் கொடுத்துப் பெயர் கேட்டால், இரண்டில் எதைச் சொல்வது? ரயில்வேயில் பிளாட்பார எண்ணை மட்டும் சொல்லி ரயிலின் பெயரைக் கேட்பது போல இது. என்னைக் கேட்டால், இந்த வரிசைக்கு ரிவர்ஸ் பெயர் என்ற முயற்சியே வீண். அனுப்புபவரின் எண்ணுக்குப் பெயர் கேட்டால் போதும். அது சாதாரண எண், பட்டா உள்ள நிலம்.

சில எண்கள் தற்காலிகமானவை. 224.2 என்று தொடங்குபவற்றை, ஒரு நிகழ்ச்சி நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்திவிட்டு விட்டுவிடுவதுதான் பழைய வழக்கம். டி.என்.எஸ். பதில்களைச் சர்வர்கள் பல மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். கல்யாண மண்டப வாசலில் நேற்றைய மணமக்கள் பெயர் இன்றும் தொங்குவது போல, தவறான பெயர்தான் மிஞ்சும்.

இவ்வளவு குழப்பத்திலும் ஓர் அழகான தீர்வு 233 என்று தொடங்கும் எண்களில் இருக்கிறது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் ஏ.எஸ். எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணையே குழு எண்ணின் நடுவில் புதைத்துவிட்டார்கள். 2001ல் வந்த ஆர்.எஃப்.சி. 3180 தரும் உதாரணத்தையே பார்க்கலாம்: ஏ.எஸ். எண் 5662. இதை 256ஆல் வகுத்தால் ஈவு 22, மீதி 30. ஆகவே 233.22.30.0 முதல் 233.22.30.255 வரை அந்த நெட்வொர்க்குக்குச் சொந்தம். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம், யாருடனும் மோதல் இல்லை. எண்ணைப் பார்த்தாலே சொந்தக்காரர் தெரிகிறார் என்பதால், 30.22.233.இன்-அட்ர்.ஆர்ப்பா என்ற தலைகீழ்ப் பெயரையும் அவரிடமே ஒப்படைத்துவிடலாம். பட்டா கிடைத்துவிட்டது! 2010ல் வந்த ஆர்.எஃப்.சி. 6034 இதே உத்தியை 234க்கும் கொண்டுவந்தது. அங்கே ஏ.எஸ். எண்ணுக்குப் பதிலாக, ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் சாதாரண ஐ.பி. எண்களின் முன்பகுதி புதைக்கப்படுகிறது. 192.0.2 என்ற வரிசை ஒருவருடையது என்றால், 234.192.0.2 என்ற குழு எண்ணும் அவருடையது.

ஐ.பி. பதிப்பு 6ல் இந்த உத்தி 2002லேயே வந்துவிட்டது. ஆனால் அங்கே வேறொரு தொல்லை. அதன் மல்டிகாஸ்ட் எண்ணில் நான்காவது இலக்கம், செய்தி எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சொல்கிறது: 2 என்றால் இந்த நெட்வொர்க்குக்குள், 5 என்றால் இந்த வளாகத்துக்குள், ஈ என்ற எழுத்து என்றால் உலகம் முழுவதும். நேரம் சொல்லும் சேவைக்குக் கடைசி இலக்கங்கள் எப்போதும் 101தான். தூர இலக்கம் மட்டும் மாறும். இதைத் தலைகீழாகத் திருப்பி எழுதும்போது தூர இலக்கம் மரத்தின் அடிப்பகுதிக்கு வந்துவிடுகிறது. அதனால் ஒரே சேவையின் பெயரை ஒவ்வொரு தூரக் கிளையிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஒரு கிளையை இன்னொரு கிளைக்குத் திருப்பிவிடும் டி-நேம் என்ற வசதி டி.என்.எஸ்.ஸில் 1999 முதல் இருக்கிறது. அதைக்கொண்டு ஒரே இடத்தில் எழுதி மற்றவற்றை அங்கே திருப்பிவிடலாம்.

இவ்வளவு வழிகள் இருந்தும் யாரும் பெரிதாக அவசரப்படவில்லை. பொது இன்டர்நெட்டில் மல்டிகாஸ்ட்டை இணைப்பு நிறுவனங்கள் பொதுவாகக் கடத்துவதில்லை. யூடியூப் போன்றவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அனுப்புகின்றன. டி.வி. சேவை தரும் நிறுவனங்கள் தங்கள் சொந்த நெட்வொர்க்குக்குள் மட்டும் மல்டிகாஸ்ட் வைத்திருக்கின்றன. பெயர் இல்லாததால் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் பெயர் தெரியாத எண்ணைப் பார்த்துத் தவிப்பவர் வீட்டில் இருப்பவர்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெயர் வராவிட்டாலும் முதல் எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 224.0.0 என்று மூன்று பகுதிகளும் தொடங்கினால், அந்தச் செய்தியை ரூட்டர்கள் வெளியே கடத்தக் கூடாது என்பது விதி. வெளியிலிருந்து உள்ளே வரவும் முடியாது. அது உங்கள் வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. 239 என்றால் வீடு அல்லது நிறுவன எல்லைக்குள். மற்றவற்றுக்கு, ஐ.பி.வி.4 மல்டிகாஸ்ட் அட்ரஸ் ஸ்பேஸ் ரெஜிஸ்ட்ரி என்று ஆங்கிலத்தில் தேடினால் ஐயானா தளத்தின் பட்டியல் கிடைக்கும். அதில் எண்ணும் அதன் வேலையும் வரிசையாக இருக்கும். போனில் யாராவது 224 அல்லது 239 எண்ணைக் காட்டி "ஹேக்கர்" என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார்; உடனே போனை வைத்துவிடவும்.

ரிவர்ஸ் லுக்அப்பில் பெயர் கிடைத்தாலும் முழுதாக நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண எண்ணை வைத்திருப்பவர் அதற்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், ஒரு வங்கியின் பெயரைக்கூட. வந்த பெயரை மறுபடி என்எஸ்லுக்அப் கட்டளையில் கொடுத்து, அதே எண் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. மெயில் சர்வர்கள் பல இதைத்தான் செய்கின்றன.

கடைசியாக, சிலர் பாதுகாப்பு என்று நினைத்து ஃபயர்வாலில் 224, 239 எண்கள் அனைத்தையும் தடுத்துவிடுகிறார்கள். மறுநாள் வைஃபை பிரின்டர் காணாமல் போகும், மொபைலிலிருந்து டி.வி.க்குப் படம் அனுப்ப முடியாது. 224.0.0.251 என்பது மல்டிகாஸ்ட் டி.என்.எஸ். குழு. 2013ல் ஆர்.எஃப்.சி. 6762 ஆக வெளியானது இது. சர்வர் எதுவும் இல்லாமல் வீட்டுச் சாதனங்கள் தங்கள் பெயர்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் முறை. "லோக்கல்" என்று முடியும் பெயர்கள் எல்லாம் இதன் வேலை. பிரின்டர் காணவில்லை என்றால் டிரைவரை நீக்கிப் புதிதாகப் பதியும் முன், வீட்டு வைஃபை இணைப்பு விண்டோஸ் செட்டிங்ஸில் பப்ளிக் என்று இருக்கிறதா, பிரைவேட் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பப்ளிக் என்றால் பிரைவேட் ஆக மாற்றவும். அப்போதும் தெரியவில்லை என்றால், ஃபயர்வாலில் யு.டி.பி. 5353 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கவும். டி.வி. மட்டும் தெரியவில்லை என்றால் 1900 என்ற போர்ட்டையும் சேர்த்துப் பாருங்கள்.